நின்றுபோன பால்

தங்கை கடைசியாகக் கேட்டது ஒரு வாய் தண்ணீர். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பிரசவம் முடிந்து ஒரு மணி நேரமாகியும் உதிரப்போக்கு நிற்கவில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும்படி ஆகலாம், வயிறு காலியாக இருக்க வேண்டும் என்றார்கள். அக்காள் கைக்குட்டையை நனைத்துத் தங்கையின் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ குட்டி. வெளிய வந்ததும் சொம்பு நிறையத் தர்றேன்."

தங்கை முறைத்தாள். சின்ன வயதிலிருந்தே கேட்டது கிடைக்காவிட்டால் அப்படித்தான் முறைப்பாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றே காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கூடக் கழற்றாமல், முடிந்த மட்டும் பார்த்தோம் என்றார்.

இருவருக்கும் ஏழு வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது தங்கைக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதும், பள்ளியில் கையெழுத்துப் போட்டதும், முதல் முறை ரத்தத்தைப் பார்த்து அலறியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அக்காள்தான். முகஜாடையும் ஒன்று. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அக்காளின் கணவன் கேலி பேசுவான்.

அக்காள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தீட்டிப் பொருத்துவது அவள் வேலை. கணவன் பிளம்பர். மூன்றரை வயதில் ஒரு மகள். தூங்கும் நேரம் தவிர வாய் மூடாததால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். தங்கையின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தில், எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்ட மூன்று பேரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். கைபேசி கீழே கருவிப் பையில் இருந்தது. குழந்தை பிறந்த தகவல் தெரிந்து ஓடிவந்தபோது இரண்டு கையிலும் கிரீஸ். அந்தக் கையோடு குழந்தையை வாங்கலாமா, கழுவிக்கொண்டு வரட்டுமா என்று வாசலில் நின்ற நர்ஸைச் சிரித்தபடி கேட்டான். அவனிடம் இன்னும் யாரும் மற்ற விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

அக்காள்தான் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை, அடுத்த நாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அழவில்லை. யாராவது ஒருவர் நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

குழந்தை பெண். நாள் ஆகுமுன்பே பிறந்துவிட்டதால் எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பாப்பா என்று கூப்பிட்டார்கள். பெயரைத் தங்கை யோசித்து வைத்திருந்தாளாம், பிறந்த பிறகு சொல்கிறேன் என்றாளாம். பாப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். முதல் வாரம் மற்ற தாய்மார் தானமாகக் கொடுத்த பாலை அளந்து கொடுத்தார்கள். அது இன்னும் சிறிய குழந்தைகளுக்கே போதவில்லை என்பதால் எட்டாம் நாள் பவுடர் பாலுக்கு மாற்றினார்கள். பாப்பாவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததில் பாதியைக் கக்கியது. வயிறு உப்பிக்கொண்டது. ஏறிய எடை மறுபடி இறங்கியது.

"கொஞ்சமாவது தாய்ப்பால் கிடைச்சா நல்லா இருக்கும்" என்ற டாக்டர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த வார்டில் தாய்மாருக்குப் பாலூட்டச் சொல்லிக்கொடுக்கும் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பருத்த உடம்பு, சத்தமான குரல். அக்காளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"மூணரை வயசுல ஒண்ணு."

"தாய்ப்பால் கொடுத்தீங்களா? எப்ப நிறுத்தினீங்க?"

"ரெண்டு வயசு வரைக்கும் கொடுத்தேன். நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு சிஸ்டர்."

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நின்ன பாலைத் திரும்ப வரவழைக்கலாம். எல்லாருக்கும் வரும்னு சொல்ல மாட்டேன். வந்தாலும் முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். நாள் பூரா இதே வேலையா இருக்கணும். பிள்ளை பிறந்திருக்குன்னு உடம்பை நம்ப வைக்கணும்."

"பிறந்துதானே சிஸ்டர் இருக்கு" என்றாள் அக்காள்.

அன்றைக்கே தொடங்கிவிட்டாள். பால் எடுக்கும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் இரவல் கொடுத்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு பக்கமும் கால் மணி நேரம். அதற்கு முன்னால் கையால் நீவிவிட வேண்டும். அது முடிந்ததும் பாப்பாவைத் துணியில்லாமல் மார்போடு மார்பாக ஒட்டிப் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். சாப்பாட்டை விடக் கூடாது, தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும், கிடைத்த நேரத்தில் தூங்க வேண்டும்.

மற்றதெல்லாம் செய்ய முடிந்தது, தண்ணீர் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் அந்த முறைப்பு ஞாபகம் வந்தது. ஒரு வாய்தானே கேட்டாள் என்று தோன்றும். டம்ளரை வைத்துவிடுவாள். கணவன் இரண்டு நாள் கவனித்தான். மூன்றாம் நாள் டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"கண்ணை மூடிக்கிட்டுக் குடி."

"கொடுக்காம விட்டுட்டேன்ங்க."

"டாக்டர் சொன்னதைக் கேட்டே. நான் அங்க இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். குடி."

குடித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு டம்ளரும் அவன் கையால்தான் உள்ளே போனது. வேலைக்குப் போகும் நாளில் போன் செய்து, "குடிச்சியா?" என்பான். வேறு ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவான்.

பன்னிரண்டாம் நாள் பாப்பா வீட்டுக்கு வந்தது. மெக்கானிக்கின் வீடு கம்பெனி கொடுத்த ஒற்றை அறை. அவன் ஒருவனாக எப்படிப் பார்த்துக்கொள்வான்? அக்காள் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே நர்ஸ் கொடுத்த ஒரு மெல்லிய குழாயும் வந்தது, இடியாப்ப இழை மாதிரி. அதன் ஒரு முனை பவுடர் பால் இருக்கும் கிண்ணத்தில், மறு முனையை மார்க்காம்போடு சேர்த்து டேப் ஒட்ட வேண்டும். குழந்தை மார்பைச் சப்பும்போது குழாய் வழியாகப் பவுடர் பால் வாய்க்குள் போகும். பால் வருகிறது என்று குழந்தை நம்பிச் சப்பும். சப்பச் சப்ப, உடம்பும் நம்பத் தொடங்கும். வயிறு உப்பாமல் இருக்க டாக்டர் வேறு ஒரு பவுடரை எழுதிக் கொடுத்திருந்தார். அது ஓரளவு தங்கியது.

கிண்ணத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பதுதான் தகராறு. உயரமாக வைத்தால் பாப்பாவுக்குப் புரை ஏறியது, தாழ்த்தினால் சப்பிச் சப்பிக் களைத்து அழுதது. பிளம்பர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான்.

"தள்ளு. ஓட்டத்தைப் பத்தி எனக்கே பாடமா?"

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு விரல் இடைவெளியில் ஆறு கொக்கி அடித்தான். மூன்றாவது கொக்கியில் சரியாக அமைந்தது. ஊரில் இருக்கிற அத்தனை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் விட இது கஷ்டமான வேலை என்றான். தங்கை இறந்த பிறகு அந்த வீட்டில் யாராவது சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் மார்பில் ஒன்றும் வரவில்லை. கருவி உர்ர் உர்ர் என்று இழுத்துக்கொண்டே இருந்தது. புட்டி காய்ந்து கிடந்தது. காம்பு வெடித்துப் புண்ணானது. வாயாடி இதையெல்லாம் கட்டிலோரம் நின்று இரண்டு நாள் பொறாமையோடு பார்த்தாள்.

"அது என்னோடது" என்றாள்.

"உன்னோடதுதான். பாப்பாவுக்குக் கொஞ்சம் கடன் கொடுப்போமா?"

"நான் குடிச்சுப் பார்க்கணும் முதல்ல."

சரி என்று இடம் கொடுத்தாள். வாயாடிக்கு எப்படிக் குடிப்பது என்பதே மறந்துபோயிருந்தது. உதட்டைக் குவித்து இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இதுல ஒண்ணுமே இல்ல. கடை மூடியிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பொறாமை இல்லை. காலி மார்பைச் சப்பும் பாப்பா மேல் பரிதாபம்தான்.

கணவனின் அத்தை பார்க்க வந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் நாக்கில் நரம்பில்லை. "எதுக்கும்மா இந்த வேதனை? பவுடர்ல எத்தனை பிள்ளைங்க வளரல? செத்தவ திரும்பி வரப் போறாளா?" என்றாள்.

அத்தை கேட்டதில் தப்பில்லை என்பது அக்காளுக்கே தெரியும். எதற்கு என்று அவளையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. தங்கையின் துணிகளை மடித்து வைத்தாயிற்று, ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டாயிற்று. தங்கைக்காகச் செய்வதற்கு இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இதையும் விட்டுவிட்டால் சும்மா உட்கார வேண்டியிருக்கும். சும்மா உட்கார அவளுக்குப் பயமாக இருந்தது.

தொடங்கிய பதினேழாம் நாள் காலை, கருவியைக் கழற்றும்போது காம்பின் நுனியில் ஏதோ மின்னியது. வியர்வை என்று நினைத்துத் துடைக்கப் போனவள், விரலை அழுத்தினாள். இன்னொன்று வந்தது. கெட்டியான மஞ்சள் நிறத்தில் ஒரு சொட்டு. கட்டில் சட்டத்தைத் தட்டினாள். பல் துலக்கிக்கொண்டிருந்த கணவன் வாயெல்லாம் நுரையோடு ஓடிவந்தான்.

"என்ன? என்ன ஆச்சு?"

விரலைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே, "லைன்ல ஓட்டம் வந்துடுச்சு" என்றான்.

அந்தச் சொட்டைப் பாப்பாவின் நாக்கில் தடவினாள்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான். ஒரு வாரத்தில் புட்டியின் அடி நனைந்தது. இன்னொரு வாரத்தில் ஒரு தேக்கரண்டி. நர்ஸை அடிக்கடி போய்ப் பார்த்தாள். டாக்டரிடம் கேட்டு நர்ஸ் ஒரு மாத்திரையும் எழுதி வாங்கிக் கொடுத்தாள். "கருவியை விடப் பிள்ளைதான் நல்லா இழுக்கும். கேட்கிறப்பல்லாம் கொடுங்க. கிண்ணத்துல இருக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க, அவசரப்படாதீங்க. பிள்ளை நனைக்கிற துணியை எண்ணுங்க, வாரம் ஒரு தடவை எடை போடுங்க. எடை ஏறுற வரைக்கும் பயமில்லை."

ஒரு மாதத்துக்கு மேல் லீவு நீளவில்லை. கடையில் லென்ஸ் தீட்ட வேறு ஆள் இல்லை. கடையை நடத்திய அம்மாளை எல்லாரும் மேடம் என்பார்கள். கறாரான பேர்வழி, ஐந்து நிமிஷம் தாமதமானாலும் கடிகாரத்தைப் பார்ப்பாள். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று அக்காள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பின்னே? தனியா விட்டுட்டா வருவே?" என்றாள் மேடம்.

தீட்டும் இயந்திரம் இருந்த பின்னறையில், கண்ணாடிக் கூடுகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே ஒரு கூடை போட்டார்கள். இயந்திரத்தில் தண்ணீர் ஓடும் சத்தமும் கண்ணாடி தேயும் கிறீச்சும் பாப்பாவுக்குத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. அதை நிறுத்தினால்தான் விழித்துக்கொள்ளும். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அக்காள் பால் கொடுக்கும் நேரத்தில் மேடமே கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவசரப்படும் வாடிக்கையாளரிடம், "உள்ள முக்கியமான வேலை நடக்குது, உங்க கண்ணாடி ஓடிப் போயிடாது" என்று அவள் சொல்வது சுவர் வழியாகக் கேட்கும்.

மெக்கானிக் தினமும் வேலை முடிந்து சாயங்காலம் வருவான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் இருந்த நாற்காலியில் உட்காருவான். பாப்பாவைத் தூக்க மாட்டான். "கையெல்லாம் அழுக்கு அக்கா" என்பான். இத்தனைக்கும் வரும் வழியில் தன் அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருப்பான், தலை ஈரமாக இருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். வாயாடி அவனிடம் ஊர்க்கதை எல்லாம் சொல்லுவாள். "பாப்பா இன்னிக்கு என்ன செஞ்சா?" என்று அவளிடம்தான் கேட்பான். பிறகு போய்விடுவான்.

இரண்டாம் மாதம் முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். கிண்ணத்தில் பவுடர் பாலைக் கலக்கி வைத்துவிட்டு அக்காள் பாப்பாவை எடுத்தாள். குழாயை ஒட்டுவதற்குள் பாப்பாவே மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. இழுத்தது. அக்காளின் இரண்டு மார்பிலும் ஊசியால் குத்துவது போலச் சுருக்கென்றது. பாப்பா மடக் மடக்கென்று விழுங்கத் தொடங்கியது. விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வாயோரம் வழிந்தது. மறு பக்கமும் தானாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. கிண்ணத்தில் இருந்த பால் அப்படியே இருந்தது. வயிறு நிறைந்ததும் பாப்பா தானே வாயை எடுத்து, கையை விரித்துப் போட்டுத் தூங்கிப்போனது.

அப்போதுதான் அக்காளுக்கு அழுகை வந்தது. இரண்டு மாதமாக எங்கே இருந்ததோ, அடக்க முடியவில்லை. குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். கணவன் வாசலில் நின்று பார்த்தான். பக்கத்தில் வரவில்லை. வாயாடியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வெளியே போனான்.

அடுத்த மூன்று மாதமும் பாப்பா அவள் பாலை மட்டுமே குடித்து வளர்ந்தது. கன்னம் வைத்தது, தொடையில் மடிப்பு விழுந்தது. பால் குடித்துக்கொண்டே நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கும். பார்த்துச் சிரிக்கும்போது வாயிலிருக்கும் பால் வழிந்துவிடும். அவள் குரல் கேட்டால் தலையைத் திருப்பும். கடைக்கு வருபவர்கள், "உங்க பிள்ளையா?" என்றால் முதலில் எல்லாம் "தங்கச்சி பிள்ளை" என்பாள். பிறகு "ஆமா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றக் கற்றுக்கொண்டாள்.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது, ஒரு சாயங்காலம் மெக்கானிக் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தான். ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். பிளம்பரும் வீட்டில் இருந்தான்.

"மாற்றல் கேட்டிருந்தேன் அக்கா. கிடைச்சிருச்சு. எங்க அக்கா இருக்கிற ஊருக்கே." தொண்டையைச் செருமிக்கொண்டான். "பாப்பாவை அழைச்சுக்கிட்டுப் போறேன். அவ பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கா."

பிளம்பர்தான் முதலில் எழுந்தான்.

"அஞ்சு மாசமா ஒரு தடவை தூக்கினியா சகலை? இப்ப வந்து அழைச்சுக்கிட்டுப் போறேங்கிறே? இவ உடம்பைக் கரைச்சு..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்காள். மெக்கானிக்கைப் பார்த்தாள். "ஒரு வயசு ஆகட்டும் தம்பி. அதுவரைக்கும் பால் கொடுத்துடறேன். அப்புறம் அழைச்சுக்கிட்டுப் போங்க. உங்க பிள்ளைதான், நான் இல்லேன்னு சொல்லல."

அவன் மறுத்துத் தலையை ஆட்டினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க செஞ்சதுக்கு நான் கால்ல விழுந்தாலும் பத்தாது. ஆனா உங்க முகம் அவ முகம் அக்கா. நான் தினம் வந்து இந்த நாற்காலில உட்கார்றேன். உள்ள அவ உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கு. எழுந்து வீட்டுக்குப் போறப்ப தினமும் ஒரு தடவை அவளை விட்டுட்டுப் போறேன். அதான் என்னால தூக்க முடியல. இந்த ஊர்ல இருக்கிற வரைக்கும் நான் அதுக்கு அப்பனா ஆக மாட்டேன்."

பிளம்பர் உட்கார்ந்துவிட்டான். மெக்கானிக்கிடம் சண்டை போடுவதற்கு அக்காள் எத்தனையோ வார்த்தை வைத்திருந்தாள். எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தன் முகத்தை அவள் என்ன செய்ய முடியும்?

"எப்பக் கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வாரம் இருக்கு."

இரண்டு வாரத்துக்குள் பாப்பாவைப் புட்டிக்குப் பழக்க வேண்டும். நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "நீங்க கொடுத்தா குடிக்காது. உங்க வாடை தெரிஞ்சா மாரைத்தான் தேடும். வேற ஆள் கொடுக்கணும். நீங்க வீட்டுலயே இருக்கக் கூடாது."

வேறு ஆள் யார்? அவன்தான். மறுநாளிலிருந்து அவன் லீவு போட்டுவிட்டுப் பகலில் வந்தான். தலையை எப்படித் தாங்குவது, புட்டியை எந்தச் சாய்வில் பிடிப்பது, ஏப்பம் வர முதுகை எங்கே தட்டுவது என்று அக்காள் காட்டிக்கொடுத்தாள். பாப்பாவை அவன் கையில் முதன்முதலாக வைத்துவிட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அவர்கள் வீடு இரண்டாவது மாடி. தெருவுக்குப் போகக் கால் வரவில்லை. முதல் மாடிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே பாப்பா வீரிட்டது. அந்தக் குரலுக்கு மார்பு இரண்டும் ஒழுகத் தொடங்கின. கைகளைக் குறுக்கே கட்டி இறுக்கிக்கொண்டாள். அவன் ஏதோ சொல்லிச் சமாதானம் செய்வது கேட்டது. பாட்டுப் பாடினான், அவனுக்குப் பாட வராது. முக்கால் மணி நேரம் பாப்பா கத்தியது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார். கடைசியில் அவளே ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். பாப்பா விக்கலும் விம்மலுமாக அவள் மார்பைப் பிடித்துக்கொண்டு குடித்தது. மெக்கானிக் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இரண்டு வாய் குடித்தது. பிளம்பர் வேலைக்குப் போகாமல் படிக்கட்டில் அவளோடு உட்கார்ந்துகொண்டான்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் பேசிக்கிறேன்" என்றான்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அவருக்கும் அது ஒண்ணுதானே மிச்சம்."

ஐந்தாம் நாள் மேலே அழுகை கேட்டது. பிறகு திடீரென்று நின்றது. அவள் எழுந்து நின்றாள். கணவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்க் கதவிடுக்கில் பார்த்தாள். மெக்கானிக் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். புட்டி காலி. பாப்பா அவன் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அவன் முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். தங்கை இறந்த நாளில் கிரீஸ் கையோடு வாசலில் நின்றபோது பார்த்த அதே சிரிப்பு.

"குடிச்சிட்டா அக்கா" என்றான் கிசுகிசுப்பாக. "முழுசும் குடிச்சிட்டா."

"நல்லது தம்பி" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் இனி அவ்வளவாகத் தேவைப்படாத பாலைத் துண்டில் பிழிந்துவிட்டாள்.

அவர்கள் கிளம்பியது காலை ரயிலில். ஏழு மணிக்கு அவன் வாடகை வண்டியோடு வந்தான். ஆறு மணிக்கே பாப்பா விழித்துக்கொண்டது. கடைசியாக ஒரு தடவை கொடுத்தாள். பாப்பாவுக்கு அது கடைசி என்று தெரியாது. எப்போதும் போலக் குடித்தது, நடுவில் நிறுத்திச் சிரித்தது, அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பவுடர் டப்பா, புட்டி, வெந்நீர்ப் பிளாஸ்க், துணிகள் எல்லாம் அடங்கிய பையைக் கணவன் தூக்கிக்கொண்டான். வண்டி கிளம்பும்போது வாயாடி மட்டும் கையாட்டினாள்.

வருவதற்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்ட பால், போவதற்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. முதல் மூன்று நாள் மார்பு கல்லாகக் கனத்தது, காய்ச்சல் அடித்தது. வலி தணியும் அளவுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள், முழுக்க எடுத்தால் மறுபடி ஊறும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சரியாக அந்தந்த நேரத்துக்கு ஊறியது. கடையில் இயந்திரத்தை நிறுத்தும்போதெல்லாம், கூடை இருந்த இடத்திலிருந்து சத்தம் வருகிறதா என்று காது போனது. கூடையை மேடம் என்றைக்கோ எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஒருநாள் அக்காள் லென்ஸைத் தவறான அளவுக்குத் தீட்டிப் பாழாக்கினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மேடம் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒருநாள் குளிக்கும்போது அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

மெக்கானிக் வாரா வாரம் போன் செய்வான். பாப்பா குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது என்று ஒன்று விடாமல் சொல்வான். அவன் குரலில் தெம்பு வந்திருந்தது. படம் அனுப்புவான். ஏதோ அலுவலகக் காகிதம் வாங்க வேண்டும் என்று ஏழு மாதம் கழித்து ஒருநாள் வந்தான். அவன் அக்காவும் பாப்பாவும் கூட வந்தார்கள்.

அவன் அக்கா சாந்தமான முகம் கொண்ட பெண். பாப்பா அவள் இடுப்பில் இருந்தது. ஒரு வயது. நெற்றி அப்படியே தங்கையின் நெற்றி. வாயாடி குதித்துக் குதித்துத் தன் பொம்மைகளை எல்லாம் கொண்டுவந்து கொட்டினாள்.

"வா கண்ணு" என்று அக்காள் கையை நீட்டினாள்.

பாப்பா அவள் முகத்தை உற்றுப் பார்த்தது. அக்காள் மெல்ல வாங்கி மார்போடு அணைத்தாள். கனத்திருந்தது, தலையில் வேறு எண்ணெய் வாசம். ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு உதடு பிதுங்கியது. வீரிட்டு, தன்னைத் தூக்கி வந்தவள் பக்கம் இரண்டு கையையும் நீட்டி, "ம்மா, ம்மா" என்று எம்பியது.

"புது ஆளுன்னா கொஞ்சம் அழுவா" என்று சொல்லியபடி அந்தப் பெண் பாப்பாவை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல..."

"விடுங்க. அது பழகினா சரியாயிடும்" என்றாள் அக்காள்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். பிளம்பர் எழுந்து, யாரும் கேட்காமலே, அடுப்படிக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தான். அந்தப் பெண்ணின் தோளில் பாப்பாவின் அழுகை உடனே அடங்கிவிட்டது. கண்ணீர் காயாத கண்ணோடு திரும்பி, கொஞ்சம் தள்ளி நின்ற அக்காளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தனை கிலோ இருக்கா இப்ப?" என்று கேட்டாள் அக்காள்.

"ஒம்பதே கால்" என்றாள் அந்தப் பெண். பிறகு மெதுவாக, "நல்லா வளர்றா" என்றாள்.

"தெரியுது" என்றாள் அக்காள்.

அவர்கள் சாயங்கால ரயிலுக்கே திரும்பிவிட்டார்கள்.